பேய் ஷாக்

இருதயத்துக்கு இருதயத்தில் கோளாறு என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மலாய்க்காரப் பெண்களும் சீனப் பையன்களும் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தால் பிழைத்தார். "என்சிக் இருதயம்" என்று மலாய் மரியாதையோடு தட்டுத்தடுமாறிக் கூப்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தமிழ் நர்ஸ் யாராவது டியூட்டியில் இருந்துவிட்டால்தான் வம்பு. "என்ன அங்கிள், இருதயத்துக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, உலகத்திலேயே தனக்குத்தான் இது முதலில் தோன்றியது போலச் சிரிப்பாள். அவரும் சிரித்துவைப்பார். திரு இருதய ஆண்டவரை நினைத்துப் பாதிரியார் வைத்த பெயர். அறுபது வயது வரை அந்தப் பெயரால் அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

அவருடைய இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மெஷின் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி நரம்பு வழியாக இதயத்துக்குள் போனது. ஒவ்வொரு துடிப்பையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் உள்ளேயிருந்தே ஒரு மின் அடி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். அந்த அடிக்குத்தான் ஷாக் என்று பெயர்.

நியாயப்படி அந்த மெஷின் கெல்வினின் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும். இருதயம் அப்படித்தான் நினைத்தார். குளிக்கும்போது அந்த மேட்டில் சோப்புப் போடவே அவருக்குக் கூசியது.

கெல்வின் அவருடைய மூத்த பிள்ளை. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். இருபத்தாறு வயது, வாட்டசாட்டமான உடம்பு, சிகரெட்கூடக் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டுக்கு வந்தவன், "ப்பா, உடம்பு கொஞ்சம் சூடா இருக்கு" என்றான். இருதயம் டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலேயே, "தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடும்" என்றார். நெற்றியில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு எந்த அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்? ஆட்டம் முடிந்து படுக்கப் போகும்போது பையனின் அறையிலிருந்து பெரிய குறட்டை கேட்டது. இழுத்து இழுத்து, இடையிடையே நின்று நின்று வந்த குறட்டை. பிள்ளை அசந்து தூங்குகிறான் என்று நினைத்து, சத்தம் எதுவும் அவனை எழுப்பிவிடக் கூடாதென்று கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

விடிந்து பார்த்தபோது உடம்பில் சூடு இல்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, "அமுக்குவான் அமுக்கிருச்சுண்ணே. தூங்குற ஆம்பளப் புள்ளைங்கமேல ஏறி ஒக்காந்துக்கும்" என்று அழுதாள். டாக்டர் அதற்கு வேறு பெயர் சொன்னார். ப்ருகாடா. இதயத்தின் சதையில் குறை இல்லை, ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, மின்சாரம் ஓடுகிற வழியில் மட்டும் பிறவியிலேயே ஒரு பிசகு. வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தூக்கத்திலோ காய்ச்சலிலோ திடீரென்று இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும், ரத்தம் ஓடாது. நம் பக்கத்து நாடுகளில் இளவயது ஆண்களை இப்படி நிறையப் பறிகொடுத்திருக்கிறோம் என்றார் டாக்டர். குறட்டையைப் பற்றி இருதயம் தனியாகப் போய்க் கேட்டார். டாக்டர், அது குறட்டையாக இருந்திருக்காது என்று மட்டும் சொன்னார்.

இருதயம் அதை மகள் கேரனிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை, அவ்வளவுதான். குளியலறைக் கதவைக்கூட ஒருக்களித்தே வைப்பார். கேரன் முதலில் கத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

இது ரத்த உறவில் வரும் குறை என்பதால் அப்பாவையும் மகளையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். இருதயத்தின் ஈசிஜியில் அது பட்டவர்த்தனமாக இருந்தது. அதற்கு முன் குளியலறையில் ஓரிரு முறை மயங்கி விழுந்திருந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று மைலோ கலக்கிக் குடித்துச் சமாளித்திருந்தார். உடனே பிடித்து மெஷினை வைத்துவிட்டார்கள். கேரன் மட்டும் சோதனைக்குப் போகவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பார்ப்பவள், தன் நெஞ்சைச் சோதிக்கத் தேதி வாங்குவாள். அந்த நாள் வந்ததும் கடையில் லீவு இல்லை என்பாள். இருதயமும் வற்புறுத்தவில்லை. அவளுக்கு இருந்தால் அது அவர் கொடுத்ததாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கும் தைரியம் இல்லை.

மெஷின் வைத்த சில வாரங்களில், ஒரு மத்தியானம், கண் சொக்கும் நேரத்தில் நெஞ்சில் ஓர் அடி விழுந்தது.

வலி என்று சொல்ல முடியாது. சிறிய முஷ்டியால் யாரோ நடு நெஞ்சில் குத்தியதுபோல இருந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். வீட்டில் யாரும் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கெல்வினின் அறைக்கதவு திறந்தபடியே இருந்தது. அந்த அடியை அவருக்குத் தெரியும். நிறைய வருஷம் கழித்து வந்தாலும் தெரியும்.

அவர் மனைவி சாந்தமேரி புற்றுநோயில் போனபோது பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள். இருதயம் அப்போது இரவில் சரக்கு ரயில் ஓட்டினார், பகலில்தான் தூக்கம். மத்தியானமானால் கெல்வின் கட்டிலில் ஏறி, அப்பாவின் நெஞ்சில் குந்தி, முஷ்டியால் ஒரு குத்து விடுவான். "ப்பா, எந்திரி. பசிக்குது." கேரன் மட்டும் உள்ளே வரமாட்டாள். வாயில் விரலை வைத்துக்கொண்டு கதவோரத்திலேயே நிற்பாள். படுத்திருக்கும் அப்பாவைப் பார்த்தால் அவளுக்குப் பயம். அம்மாவும் கடைசியில் அப்படித்தான் படுத்திருந்தாள்.

அடுத்த நாளும் அடி விழுந்தது. ஒரு நாள் விட்டு மறுபடியும். கேரனிடம் சொன்னதும் அவள் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஃபரிதா என்ற பெண், கணினியின் மவுஸ் போன்ற ஒன்றை அவர் நெஞ்சில் வைத்து, மெஷினின் நினைவில் இருப்பதையெல்லாம் திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், மெஷின் ஒரு தடவைகூட அடிக்கல லா. இது ஃபேன்டம் ஷாக்" என்றாள், பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும்.

"அது என்னது?"

"மாச்சம் ஹந்து லா, அங்கிள்!" என்று கைகளைத் தூக்கிப் பேய் மாதிரி ஆட்டிக் காட்டினாள்.

இருதயம் மகளைப் பார்த்தார். கேரனுக்கும் அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "பேய் மாதிரியாம்ப்பா. அடிச்ச மாதிரி இருக்கும், ஆனா மெஷின் அடிச்சிருக்காது. பேய் ஷாக்குன்னு வச்சுக்கோங்களேன்."

திரும்பி வரும்போது வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். "பேய் ஷாக்குக்குப் பயப்பட வேணாம். ஆனா காய்ச்சல் மட்டும் வரவே கூடாதுப்பா. லேசா சூடு இருந்தாலும் ஒடனே பெனடால் போடணும், என்கிட்ட சொல்லணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும். நெஜ ஷாக் ஒண்ணுக்கு மேல வந்தா ஒடனே ஆம்புலன்ஸ். கேக்குதா இல்லியா?"

"கேக்குதும்மா" என்றார். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். பேய். மெஷின் அடிக்கவில்லை என்று மெஷினே சாட்சி சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரியே பேய் என்று சொல்லிவிட்டாள். யாருடைய பேய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு மனிதர் மத்தியானத் தூக்கத்துக்கு மாப்பிள்ளை போலத் தயாரானார். சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுவார். முகம் கழுவி, தலை சீவி, கட்டிலில் மல்லாந்து படுத்து, திறந்திருக்கும் கதவைப் பார்த்தபடி காத்திருப்பார். அடி விழுந்தால் அன்றைக்கெல்லாம் முகத்தில் ஒரு தெளிச்சல் இருக்கும். கேரன் வேலை முடிந்து வந்து, "என்னப்பா, இன்னிக்கு ஒரே குஷியா இருக்கீங்க?" என்று கேட்பாள். சும்மா என்பார். அவனிடம் கேட்பதற்கு அவரிடம் ஒன்றுதான் இருந்தது: கதவைச் சாத்தியபோது உனக்குத் தெரிந்ததா? கேட்க வாயெடுப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

பிறகு அடிகள் குறைந்தன. ஒரு கட்டத்தில் நின்றேபோயின. ஃபரிதா கேட்டால் நல்ல செய்தி என்பாள். இருதயத்துக்கு இன்னொரு முறை அடக்கம் செய்ததுபோல இருந்தது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். அலமாரியிலிருந்து கெல்வினின் துறைமுகச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தார். கேரன் வருவதற்குள் அதைக் கழற்றி மடித்து வைக்கும்போது தன்மீதே அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரும் வரவில்லை. திறந்த கதவு வழியாகக் காற்றுகூட வரவில்லை.

நவம்பர் பிறக்கும் சமயம், பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் மழையில் நனைந்தார். மறுநாள் இருமல், மத்தியானத்தில் உடம்பில் சூடு. குளிரக் குளிரப் போர்த்திக்கொண்டு படுத்தார். எப்போது கண் அயர்ந்தார் என்று தெரியாது. அடி விழுந்தபோது உடம்பு கட்டிலிலிருந்து எழும்பி விழுந்தது. வாயெல்லாம் ஏதோ இரும்பைக் கடித்த ருசி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் பாதி, மிச்சம் சந்தோஷம்.

"வளந்துட்டடா" என்றார் திறந்த கதவைப் பார்த்து. "கை நல்லா பலமாயிருச்சு."

அவன் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அப்போது விளங்கியது. அவன் காய்ச்சலோடு போனவன். சூடு இருக்கிற இடத்துக்குத்தான் வருவான்.

தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் அவருக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. கேரன் சொன்னதும் வரிவரியாக ஞாபகம் இருந்தது. இந்தச் சூட்டைப் பொத்தி வைத்தால் செத்துப்போகலாம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மகனை இன்னொரு முறை பார்க்க முடியுமென்றால் அதற்கும் சரி என்றுதான் இருந்தார். அன்று மாலை கேரன் அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலா?" என்று கிட்டே வந்தபோது, "வெயில்ல போயிட்டு வந்தேம்மா" என்று நகர்ந்துகொண்டார். அவள் நம்பவில்லை. பெனடாலையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினாள். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினார். அவள் அந்தப் பக்கம் போனதும் பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பினார்.

மறுநாள் கல்லறைத் திருநாள்.

சாந்தமேரி கிள்ளான்காரி, அவளைக் கிள்ளான் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். கெல்வினை அம்மாவின் பக்கத்திலேயே வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்பாவும் மகளும் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிப் போவார்கள். சரக்கு ரயிலுக்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை ஓட்டிய பாதை அது. பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்தின் குலுக்கலும் அவர் உடம்புக்கு அத்துப்படி. அன்றைக்கு எந்த நிறுத்தமும் அவருக்குப் பிடிபடவில்லை. ரயிலின் ஏசி எலும்பு வரை குளிர்ந்தது. எதிர் இருக்கைக் கண்ணாடியில் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிவதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போய்விடுவான் என்று பயந்தார்.

கேரன் மடியில் பூப்பொட்டலத்தை வைத்துக்கொண்டு, "அப்பா, உங்களுக்கு ஒடம்பு சரியில்ல. நான் மட்டும் போயிட்டு வரவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"ஒங்கண்ணன் காத்துக்கிட்டிருப்பான்மா" என்றார். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டம் ஜேஜே என்று இருந்தது. ஒவ்வொரு கல்லறையிலும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும். காலை வெயிலிலேயே மெழுகு உருகிக் கல்லில் வழிந்துகொண்டிருந்தது. பாதிரியார் ஒரு கோடியிலிருந்து ஜெபம் சொல்லி, ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். கேரன் வாளியில் தண்ணீர் பிடித்துவந்து கல்லைக் கழுவினாள். அம்மாவின் பெயர், அண்ணனின் பெயர், இரண்டையும் துணியால் துடைத்தாள். இருதயம் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாக இருந்தது. எங்கிருந்தோ கிரீஸ் வாசனை வந்தது. கெல்வின் வேலை முடிந்து வரும்போது சட்டையில் வரும் வாசனை.

வந்துட்டான் என்று நினைத்தார். தலை லேசாகக் கிறுகிறுத்தது.

அடி விழுந்தது.

கேரன் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அப்பாவின் உடம்பு தூக்கிப் போட்டது. கையிலிருந்த துணியை எறிந்துவிட்டு ஓடிவந்து பிடித்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஒங்கண்ணன் வந்துட்டான். பேய் ஷாக்குன்னு நீதான சொன்ன? அது அவன்தாம்மா. கதவத் தெறந்தே வச்சிருந்தேன்ல, வந்துட்டான்."

"என்னப்பா பேசுறீங்க?" என்றவள், அவர் கழுத்தில் கை பட்டதும் அலறினாள். "ஐயோ, கொதிக்குதே! அப்பா, இது பேய் ஷாக் இல்ல! அதுக்கு ஒடம்பு இப்படித் தூக்கிப் போடாது! மெஷின் அடிக்குதுப்பா! நெஜமாவே அடிக்குது!"

அவள் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. பிறகு எல்லாம் அணைந்தது.

இருட்டில் ஒரு கதவு இருந்தது. கெல்வினின் அறைக்கதவு, அவரே சாத்திய கதவு. அதற்கு அப்பால் அந்தச் சத்தம் இழுத்து இழுத்து, நின்று நின்று வந்தது. தெரியும், இது குறட்டை இல்லை. இந்த முறை திறந்துவிடலாம். கைப்பிடியில் கை வைத்தார். "கெல்வின், அப்பா வந்துட்டேன்டா."

நெஞ்சில் அடி விழுந்தது. கை கதவிலிருந்து பிடுங்கப்பட்டது. வெயில், மெழுகு நாற்றம், கேரனின் முகம். யாரோ "ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு" என்று கத்தினார்கள். மறுபடியும் இருட்டு, மறுபடியும் கதவு. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தார். மறுபடியும் அடி. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த அடி அவரை மகனிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவனிடமிருந்து இழுத்து வந்து இந்தப் பக்கம் போடுகிறது. மகன் வந்து அடிப்பதாக நினைத்ததெல்லாம் பொய். அவனிடம் போகவிடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது இந்த மெஷின்.

கேரன் கல்லறை கழுவ வைத்திருந்த தண்ணீரில் தன் துப்பட்டாவை முக்கி அவர் தலையிலும் நெஞ்சிலும் பிழிந்துகொண்டிருந்தாள். "அவன் போயிட்டான்ப்பா!" என்று ஓங்கி அழுதாள். சுற்றி நின்றவர்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள். "அவன் போயிட்டான். நான் இருக்கேன்ல? நான் ஒருத்தி இருக்கேன்ல ஒங்களுக்கு?"

அவருக்கு அவள் கேட்டது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசியும் டிரிப்பும் ஏற்றி, காய்ச்சலை இறக்கி, இதயத்தை அடக்கிவைத்தார்கள். தப்பியது தெய்வச் செயல் என்றாள் பார்க்க வந்த புஷ்பவல்லி. ஃபரிதா மறுபடியும் அந்த மவுஸை நெஞ்சில் வைத்துத் திரையைப் பார்த்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கல்லறையில் விழுந்த அத்தனை அடியும் அதில் இருந்தது. முந்தைய மத்தியானம், போர்வைக்குள் விழுந்த அடியும் இருந்தது. திறந்த கதவைப் பார்த்து அவர் கொஞ்சிய அடி.

"இது ஹந்து இல்ல, அங்கிள்" என்றாள் மெதுவாக. தான் அன்றைக்கு விளையாட்டாகக் கைகளை ஆட்டிக் காட்டியது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அப்போ, மொதல்ல வந்ததெல்லாம்?" என்று டாக்டரிடம் கேட்டார் இருதயம்.

சிலருக்கு அப்படி நடக்கும் என்றார் டாக்டர். நெஞ்சுக்குள் ஒரு மெஷின் இருக்கிறது, எப்போது அடிக்குமோ என்று உள்மனம் காத்துக்கொண்டே இருக்கும்; தூக்கம் பிடிக்கும் நேரத்தில், அடி விழுந்துவிட்டதாகவே மூளை நினைத்துக்கொள்ளும். பயத்தில் வருவதுதான் என்றார். இருதயம் காத்திருந்தது உண்மைதான். பயத்தில் இல்லை என்பதை டாக்டருக்கு எப்படிச் சொல்வது?

எல்லோரும் போன பிறகு கேரன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததை அவரிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அந்த வார்த்தைய நான் சொல்லிருக்கக் கூடாதுப்பா" என்றாள். "பேய்னு."

"நீ சொல்லலன்னாலும் நான் அப்படித்தான்மா நெனச்சிருப்பேன். அன்னிக்கு அவன் கொறட்ட விடுறான்னு நெனச்சு நான்தான் கதவச் சாத்தினேன்" என்றார்.

கேரன் நிமிரவில்லை. "எனக்கும் கேட்டுச்சுப்பா. தூங்க முடியலன்னு நான் சுவத்துல தட்டினேன். ஒடனே நின்னுருச்சு. அப்பாடான்னு தூங்கிட்டேன்."

இரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே சத்தத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறார்கள். இருதயத்துக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அவளும் அழுதாள். ஆரஞ்சு அப்படியே காய்ந்துபோனது.

"அதான் டெஸ்ட்டுக்குப் போகலியா?" என்று கேட்டார்.

"அவனுக்குக் கெடைக்காத மெஷின் எனக்கு மட்டும் எதுக்குன்னு இருந்துச்சு."

அதையேதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். "போலாம்மா. நானும் வரேன்" என்றார்.

சோதனை நாளன்று கேரனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஈசிஜி ஒட்டுகளை வழக்கமான இடத்தைவிடச் சற்று மேலே ஒட்டி, ஒளிந்திருக்கும் பிசகை வெளியே இழுக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி, திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஃபரிதா சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே டாக்டர் இருப்பார், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். இருதயம் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. எழுந்து போய்த் திறந்துவிட வேண்டும்போல இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். முந்தைய ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கண் சொக்கியது.

அவரையும் அறியாமல் காத்திருந்தார். அடி விழவில்லை. கதவும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. வெறும் தூக்கம்தான் வந்தது.

நெஞ்சில் ஒரு கை பட்டது. குத்தவில்லை. விரித்த உள்ளங்கை, மெஷின் மேட்டின்மேல், கனமே இல்லாமல் இருந்தது.

"அப்பா, எந்திரிங்க."

கண்ணைத் திறப்பதற்குள் வேறொரு பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். கேரன் குனிந்து நின்றாள். தூங்கும் அப்பாவின் கிட்டே வந்து அவள் எழுப்புவது இதுதான் முதல் தடவை.

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மட்டும் அவர் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. "எனக்கும் இருக்காம்ப்பா" என்றாள். "ஒடனே மெஷின் வேணாமாம். மயக்கம் கியக்கம் இதுவரைக்கும் வந்ததில்லைல, பாத்துக்கிட்டே இருக்கலாம்னாங்க. காய்ச்சல் வந்தா மட்டும் சும்மா இருக்கக் கூடாதாம். ஒடனே..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் இருதயத்தின் கை அவள் நெற்றிக்குப் போய்விட்டது.

"காய்ச்சல் இல்லப்பா. உள்ளயே பாத்துட்டாங்க."

"தெரியும்" என்றார். கையை எடுக்கவில்லை.